ரொட்டி, கருவாடு, தேத்தண்ணி: நம் கிட்னிக்கு என்ன செய்கின்றன?

(உலக சிறுநீரக தினத்தையொட்டி பூனாகலையில் நமது சங்கத்தின் மாதர் பிரிவு ஒழுங்கு செய்த கூட்டத்தில், லயத்தில் பிறந்து வளர்ந்து இன்று அரச வைத்தியசாலை ஒன்றில் தாதியாக இருக்கும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)

தலைவர்மாருக்கும், மாதர் தலைவிமாருக்கும், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிற அம்மாமார், அக்கா தங்கச்சிமாருக்கும் வணக்கம். பின்னால் சுவரோரமாக நிற்கிற அண்ணாமாருக்கும் வணக்கம். உள்ளே வந்து உட்காருங்கள் அண்ணா. இது பொம்பிளைகள் கதை என்று யாரோ உங்களுக்குத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக தினம். 2006ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. நமக்கு வியாழக்கிழமை பேர் போடுகிற நாள், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறோம்.

கிட்னி வருத்தம் என்றால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? "அது வயல்காரர்களுக்கு வருகிறது, நமக்கு இல்லை" என்பார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மதவாச்சி, பதவியா பக்கம் 1990களில் இருந்து விவசாயிகளுக்கு ஒரு கிட்னி நோய் வரத் தொடங்கியது. சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனாலும் நடுத்தர வயதில் கிட்னி சுருங்கிப் போகிறது. அந்த நோய் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. மகியங்கனை தாண்டி கிராந்துருகோட்டை, அதுவும் பதுளை மாவட்டம்தான். மகாவலிக் குடியேற்ற விவசாயிகள் எத்தனையோ பேர் அங்கே பாதிக்கப்பட்டார்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது, கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற புளோரைட்டும் கடினத்தன்மையும், விவசாய இரசாயனம் என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள். இதுதான் குற்றவாளி என்று ஒன்றை மட்டும் இன்னும் நிரூபிக்கவில்லை. 2015இல் அரசாங்கம் கிளைபோசேட் புல்லெண்ணெயைத் தடை செய்ததற்குக் காரணமும் அந்த நோய்தான். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் மலையெல்லாம் புல் மண்டிக் கிடந்ததும், புல்லுக்குள் கால் வைக்கப் பயந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மற்றப் பாதி இதுதான். உலகம் முழுக்க கிட்னி பழுதாவதற்கு முதல் காரணம் சீனி வருத்தம், அடுத்தது பிரஷர். இந்த இரண்டும் லயத்துக்குள் வந்து பாய் போட்டுப் படுத்துவிட்டன. இங்கே இருக்கிறவர்களில் கிளினிக் கொப்பி வைத்திருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா. இனி வயல்காரர் கதையை விட்டுவிடுவோம்.

கிட்னி எவ்வளவு பெரியது? நம் கைப்பிடி அளவு. ஒன்று ஏறக்குறைய 150 கிராம். கூடையில் போட்டால் கணக்கப்பிள்ளை அதை நிறுவையில் கழித்தே விடுவார். ஆனால் அந்த இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லீற்றர் வரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லீற்றர்தான் மூத்திரமாக வெளியே வருகிறது. மீதி எல்லாம் திரும்ப உடம்புக்கே போகிறது. ஒவ்வொரு கிட்னிக்குள்ளும் ஏறக்குறைய பத்து லட்சம் சின்னச் சின்ன வடிகள் இருக்கின்றன. தேத்தண்ணி வடியை நினைத்துக்கொள்ளுங்கள். சீனி கூடின இரத்தமும் அழுத்தம் கூடின இரத்தமும் வருடக்கணக்காக அதற்குள் ஓடினால் வடி கிழியும், அடைபடும். நம் வீட்டு வடி கிழிந்தால் பண்டாரவளை கடையில் ஐம்பது நூறு கொடுத்து வாங்கலாம். இதற்குக் கடை இல்லை.

இதில் மோசமான விஷயம், கிட்னி கெட்டால் வலிக்காது. இடுப்பு வலித்தால் கிட்னி என்று ஓடி வருகிறார்கள். அது பெரும்பாலும் கூடை சுமந்த இடுப்பு. உண்மையான கிட்னி நோய் சத்தம் போடாமல் வரும். இரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். கிட்னியின் வேலை பாதி குறைந்த பிறகுதான் அந்த இலக்கம் ஏறத் தொடங்கும். கால் வீங்கி, முகம் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல், மேல் முழுக்க அரித்து வருகிறபோது முக்கால்வாசி போயிருக்கும்.

என் அப்பா கதை அப்படித்தான்.

அப்பா கவாத்து வெட்டுகிறவர். முட்டி வலி, முதுகு வலி. டவுனில் ஒரு கடையில் சீட்டு இல்லாமலே மாத்திரை கொடுப்பார்கள், பெயர் சொல்லவேண்டாம். ஒரு பைக்குள் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. காலையில் ஒரு பொட்டலம் போட்டால் பின்னேரம் வரைக்கும் கவாத்துக் கத்தி நிற்காது. "நல்ல மருந்தம்மா" என்பார். ஏழெட்டு வருடம் அதிலேயே ஓட்டினார். பிரஷர் இருந்தது, கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள். பக்கத்து லயத்தில் யாரோ "பிரஷர் குளிசை தின்றால் கிட்னி பழுதாகும்" என்று சொன்னதைக் கேட்டு அதை நிறுத்திவிட்டார். காக்கிற மாத்திரையை நிறுத்தினார், கெடுக்கிற மாத்திரையைத் தொடர்ந்தார். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியாது. கால் வீங்கினபோது வாதநீர் என்று எண்ணெய் பூசினோம்.

இதைத் தெளிவாகச் சொல்கிறேன், கேளுங்கள். டைக்குளோபெனாக், ஐபுபுரோபன், மெபனமிக் அசிட் போன்ற வலி மாத்திரைகளை டொக்டர் சொல்லாமல் நாள்கணக்காகத் தின்றால் கிட்னி கெடும். பிரஷர் இருக்கிறவர்களுக்கும், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் கெடும். வலிக்கு பனடோல் பரவாயில்லை. ஆனால் அதுவும் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. சீனிக் குளிசையும் பிரஷர் குளிசையும் கிட்னியைக் கெடுப்பதில்லை. சீனி ஏறியே இருப்பதும் அழுத்தம் ஏறியே இருப்பதும்தான் கெடுக்கிறது. கிட்னி குறைந்தவர்களுக்குச் சில குளிசையின் அளவை மாற்றவேண்டி வரும். அதை டொக்டர் பார்ப்பார், பக்கத்து லயம் பார்க்கக் கூடாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

காலையில் என்ன? கோதுமை மா ரொட்டி, சம்பல், சாயம். மலைக்குக் கொண்டு போவதும் அதே ரொட்டிதான். பகல் சோறு, பருப்பு, ஒரு துண்டு கருவாடு. ராத்திரி திரும்ப ரொட்டி அல்லது சோறு. நான் குறை சொல்லவில்லை. 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அடுத்த வருடமே மா விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் 1350 ஆக்கினார்கள். அந்தக் காசில் வயிறு நிறைய வேண்டுமென்றால் மாவும் கருவாடும்தான் கைக்கு வரும். கொழும்பிலிருந்து வந்து "பழம் சாப்பிடுங்கள், மீன் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கோபம்தான் வரும். அதனால் காசு செலவில்லாமல், அல்லது காசு மிச்சமாகிற மாதிரி மாற்றக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டி. ரொட்டி மாவில் உப்பு, சம்பலில் உப்பு, பருப்பில் உப்பு, கருவாடு முழுக்க உப்பு, ஊறுகாயில் உப்பு. சோயாமீட் பக்கட்டோடு வருகிற தூள், சூப் கட்டி, நூடில்ஸ் தூள் எல்லாம் உப்புதான். உப்பு கூடினால் பிரஷர் கூடும், பிரஷர் கூடினால் வடி கிழியும். "மலையில் வேர்வை போகிறதே, உப்பு வேண்டாமா" என்று கேட்பீர்கள். பூனாகலைக் குளிரில் போகிற வேர்வைக்கு நம் சாப்பாட்டில் இருக்கிற உப்பே தாராளம்.

என்ன செய்யலாம்? ரொட்டிக்கு உப்புப் போடாமல் சம்பலுக்கு மட்டும் போடுங்கள். சம்பல் நாக்கில் படும்போது ரொட்டியில் உப்பில்லை என்பது தெரியவே தெரியாது. கருவாட்டைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்ப ஒருமுறை கழுவிச் சமையுங்கள். கறிக்குத் தனியாக உப்பு வேண்டாம். தேசிக்காய்ப் புளி, மிளகு, உள்ளி கொஞ்சம் கூட்டினால் உப்புக் குறைவு தெரியாது. ஒரு வாரம் சப்பென்று இருக்கும், வீட்டில் சண்டை வரும். மூன்றாவது வாரம் நாக்கு பழகிவிடும். என் மாமியார் வீட்டிலேயே செய்து பார்த்துத்தான் சொல்கிறேன், சண்டையும் உட்பட.

அடுத்தது சீனி. சாயத்துக்கு இரண்டு கரண்டி. ஒரு நாளைக்கு ஐந்து தரம் குடித்தால் பத்துக் கரண்டி, ஏறக்குறைய 50 கிராம் வந்துவிடுகிறது. 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறார்கள். நம் பாட்டிமார் எப்படிக் குடித்தார்கள்? உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, அதை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒரு கோப்பை சாயத்தை முடித்துவிடுவார்கள். சீனி பஞ்சத்தில் வந்த பழக்கம்; இப்போது பார்த்தால் அதுதான் கெட்டித்தனம். கடைச் சோடாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2016இலிருந்து போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு வட்டம் போட்டதைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தேத்தண்ணி கிட்னிக்குக் கூடாதா என்று இந்தத் தங்கச்சி கேட்கிறார். நல்ல கேள்வி, நாம் பறிக்கிறதே அதுதானே. நாலைந்து கோப்பையால் ஒன்றும் வராது. ஆனால் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு பதினாறு கிளாஸ் ஐஸ் தேத்தண்ணி குடித்து கிட்னி பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கிற நிலைக்குப் போனார். 2015இல் வைத்திய சஞ்சிகையில் அது வந்தது. தேயிலையில் ஒக்ஸலேட் என்று ஒரு பொருள் இருக்கிறது, அளவுக்கு மிஞ்சினால் கிட்னிக்குள் மணல் மாதிரி படியும். அது பதினாறு கிளாஸ்காரர் கதை. நம் ஆட்களுக்கு நான் சொல்வது, சோறு சாப்பிட்ட கையோடு சாயம் குடிக்காதீர்கள், இரும்புச் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அந்த ஒக்ஸலேட் காமரங்காயிலும் பிலிங்காயிலும் நிறைய இருக்கிறது. சீனி குறையும், கொலஸ்ட்ரோல் குறையும் என்று அதைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேரளாவில் கொலஸ்ட்ரோலுக்கென்று பிலிங்காய்ச் சாறு குடித்து பத்துப் பேருக்குக் கிட்னி திடீரென்று நின்றுபோனது, ஏழு பேருக்கு டயலிசிஸ் செய்யவேண்டி வந்தது. 2013இல் அங்குள்ள டொக்டர்மார் எழுதினார்கள். காமரங்காயால் கிட்னி பாதிக்கப்பட்ட இரண்டு பேரைப் பற்றி நம் நாட்டு டொக்டர்மாரும் 2015இல் எழுதியிருக்கிறார்கள். கறிக்குப் புளிப்பாக ஒரு பிலிங்காய் போடுவது வேறு, கிளாஸ் கிளாஸாகச் சாறு குடிப்பது வேறு. கிட்னி வருத்தம் இருக்கிறவர்கள் காமரங்காயில் ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது. மூளைக்கு ஏறி விக்கல் நிற்காமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

நாட்டு மருந்திலும் கவனம் வேண்டும். ஈஸ்வரமூலி, சிங்களத்தில் சப்சந்த என்பார்கள், அந்த இனத்துச் செடிகளில் கிட்னியை அழிக்கிற நஞ்சு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலியக் கொடுத்த குளிகையில் அது கலந்து எத்தனையோ பெண்களுக்குக் கிட்னி போனது. பச்சிலை என்பதால் ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம்.

இப்போது தண்ணீர். இதைப் பேசத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

மலைக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டு போகிறீர்களா? கொண்டு போகிற போத்தல் பின்னேரம் எப்படித் திரும்பி வருகிறது? பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது, ஏனென்றால் என் அம்மாவும் அப்படித்தான் கொண்டு வந்தார். "ஏம்மா குடிக்கலை" என்று கேட்டால், "குடிச்சா எங்க போறது" என்பார். காலை ஏழரைக்கு ஏறினால் பின்னேரம் நாலரை வரை. பெரிய மலை, கீழே ரோட்டு, பக்கத்தில் ஆம்பிளைகள், அட்டை வேறு. மாதச் சுகமில்லாத நாளில் கேட்கவே வேண்டாம். அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறோம். இந்த இரண்டும் சேர்ந்தால் மூத்திரத்தில் கிருமி. எரிவு வரும், குளிர் காய்ச்சல் வரும், டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தால் போகும், அடுத்த மாதம் திரும்ப வரும். அந்தக் கிருமி மேலே ஏறினால் போய்ச் சேருகிற இடம் கிட்னி. வயிற்றில் பிள்ளை இருக்கிறபோது இன்னும் ஆபத்து.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு லீற்றர் உள்ளே போகவேண்டும், சாயத்தையும் சேர்த்து. அளக்கத் தேவையில்லை. மூத்திரம் வைக்கோல் நிறத்தில் இளமஞ்சளாக இருந்தால் போதும். சாயம் மாதிரி இருந்தால் தண்ணீர் காணாது. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். மருந்து அடிக்கிற அண்ணாமார், அந்த வெறும் கேனில் தண்ணீர் எடுக்க வேண்டாம். கை கழுவாமல் வெற்றிலை மடிக்கவும் வேண்டாம்.

நாம் குடிக்கலாம், ஆனால் போக இடம் வேண்டுமே. இதற்கு அக்காமாரிடம் புத்தி சொல்லிப் பலன் இல்லை. மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்திலாவது தண்ணீரோடு ஒரு கக்கூஸ் வேண்டும், கதவும் கொண்டியும் உள்ள கக்கூஸ். தலைவர்மார் இங்கே இருக்கிறார்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இதைக் கடைசி வரியாக எழுதாதீர்கள். ரொட்டியில் உப்பைக் குறைப்பது எங்கள் வேலை, இதைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

இனி, வீட்டில் ஏற்கெனவே கிட்னி வருத்தக்காரர் இருக்கிறவர்களுக்கு. இவ்வளவு நேரம் சொன்னது கெடாமல் காக்க. கெட்ட பிறகு சாப்பாடு வேறு. இதைத் தெரியாமல் அன்பால் ஆளைக் கொல்கிறோம்.

அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயலிசிஸ், ஒவ்வொரு தரமும் நாலு மணி நேரம். விடியற்காலை பஸ், இருட்டின பிறகு வீடு. கூடப் போகிற ஆளுக்கும் அன்றைக்குப் பேர் இல்லை. ஒருநாள் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவார்களா? இரண்டு செவ்விளநீர், ஒரு சீப்பு வாழைப்பழம், தோடம்பழம். அப்பாவுக்கு இளநீர் என்றால் உயிர். இரண்டையும் குடித்துவிட்டார். ராத்திரி கை கால் செத்துப்போன மாதிரி சோர்ந்து, நெஞ்சு தாறுமாறாக அடித்து, லொறி ஒன்றைப் பிடித்துக் கொண்டு ஓடினோம். பொட்டாசியம் ஏறிவிட்டது. நல்ல கிட்னி என்றால் அதை மூத்திரத்தில் தள்ளிவிடும். கெட்ட கிட்னியால் முடியாது, அது இரத்தத்தில் நின்று இருதயத்தையே நிறுத்தும். அன்றைக்குத் தப்பினார்.

அதனால் கிட்னி வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீர், வாழைப்பழம், தோடம்பழம் கொண்டு போகாதீர்கள். உப்புக் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறதும் அவர்களுக்குக் கூடாது, அதில் இருப்பதும் பொட்டாசியம்தான். உருளைக்கிழங்கு, கீரை சமைக்கும்போது சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். நல்ல உடம்புக்காரர்கள் அப்படிச் செய்யத் தேவையில்லை, சத்துத்தான் போகும். தண்ணீரும் அப்படித்தான்: நம்மை நிறையக் குடிக்கச் சொன்னேன், கால் வீங்கின நோயாளிக்கு டொக்டர் அளந்து கொடுப்பார். ஒரு வீட்டில் ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு நஞ்சு.

இன்னொரு தப்பு, கிட்னி என்று கேட்டதும் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சியில் போடுவது. புரதத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வது டயலிசிஸுக்கு முந்தின கட்டத்தில். டயலிசிஸ் தொடங்கிவிட்டால் புரதம் கூடத் தேவை, அந்த மெஷினில் கொஞ்சம் போய்விடுகிறது. எந்தக் கட்டம் என்று கிளினிக்கில் கேளுங்கள். கேட்டால் ஏசுவார்கள் என்று பயந்து வராதீர்கள். ஏசினாலும் கேளுங்கள். சிங்களம் சரளமாக வராவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

35 வயது தாண்டினவர்கள், ஆணோ பெண்ணோ, அரச வைத்தியசாலையில் நடக்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்குப் போனால் காசில்லாமல் சீனி, பிரஷர் பார்ப்பார்கள். சீனியோ பிரஷரோ இருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மூத்திரத்தில் அல்புமினும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிரியேட்டினின் ஏறுவதற்கு வருடக்கணக்காக முன்னாலேயே அல்புமின் காட்டிக் கொடுக்கும். அந்த நேரத்தில் பிடித்தால் மருந்தும் சாப்பாடுமாக நிறைய வருடம் தள்ளிப் போடலாம். அப்பாவுக்கு அந்த ஒரு சின்னப் போத்தல் மூத்திரத்தை யாரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்றைக்கு பிரஷர் பார்க்கிற மெஷின் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முதல் ஜன்னல் பக்கத்து மேசையில் இருப்பேன். இப்போது சாயம் குடித்தவர்கள், வெற்றிலை போட்டிருக்கிறவர்கள் அரை மணி நேரம் பொறுத்து வாருங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். கொப்பி இருந்தால் எடுத்து வாருங்கள். தின்கிற வலி மாத்திரைப் பொட்டலத்தையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள், ஏச மாட்டேன். அண்ணாமார் முதலில் வாருங்கள், நீங்கள்தான் நழுவிப் போகிற ஆட்கள்.